கரண்டா, பெட்ரோலா?

1888 ஆகஸ்ட் மாதம், ஒருநாள் விடிகாலை. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் எழுந்திருப்பதற்குள், அவர் செய்து வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியவன் ஆய்கனுக்கு 15 வயது, சின்னவன் ரிச்சர்டுக்கு 13. போக வேண்டிய இடம் பெர்த்தாவின் அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம். தூரம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதுவரைக்கும் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை. பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி வருவதே பெரிய காரியமாக இருந்த காலம். கார்ல் பென்ஸ் நல்ல எஞ்சினியர். ஆனால் செய்த வண்டியை நாலு பேர் முன்னால் ஓட்டிக் காட்டி விற்கும் சாமர்த்தியம் இல்லாதவர். அந்த வேலையைத்தான் பெர்த்தா அன்றைக்குச் செய்தார்.

வழியில் வண்டி நின்றது. ஒருதடவை எரிபொருள் வரும் குழாயில் அடைப்பு. பெர்த்தா தன் தொப்பியில் குத்தியிருந்த நீள ஊசியை எடுத்து அடைப்பைக் குத்தி எடுத்தார். இன்னொரு தடவை மின்பொறிக்குப் போகும் கம்பியின் மேலுறை தேய்ந்து கரண்ட் கசிந்தது. காலுறை நழுவாமல் இருக்கக் கட்டும் பட்டையைக் கழற்றிக் கம்பியைச் சுற்றினார். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நின்று, துணிக்கறை எடுக்க விற்ற லிக்ராய்ன் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடைக்கு இன்றைக்கும் பெயர். இதெல்லாம் பிற்காலத்தில் அந்தக் குடும்பம் சொன்ன கதைகள்தான், கூடவே யாரும் போய்க் குறிப்பெடுக்கவில்லை. இருந்தாலும் பழைய வண்டிகளோடு கொஞ்சநாள் பழகியவர்களுக்கு இந்தக் கதையை நம்புவதில் சிரமமே இருக்காது. ஏனென்றால் அந்த இரண்டு கோளாறுகளும் அவ்வளவு சரியான கோளாறுகள். ஊசி பெட்ரோலுக்கு, பட்டை கரண்டுக்கு.

நம்ம ஊரில் கார்புரேட்டர் வண்டி ஒன்று கிளம்பாமல் நின்றால், பழைய மெக்கானிக் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னாலேயே கேட்கும் கேள்வி இதுதான்: கரண்டா, பெட்ரோலா? அதாவது, பிளக்கில் பொறி வரவில்லையா, சிலிண்டருக்குள் பெட்ரோல் போகவில்லையா? மூன்றாவதாகக் கம்ப்ரஷன் என்று ஒன்று உண்டு. பிஸ்டன் வளையம் தேய்ந்து, வால்வு சரியாக மூடாமல், உள்ளே அழுத்தம் இல்லாமல் போவது. ஆனால் அது முதுமை மாதிரி, மெதுவாக வரும். நேற்றுச் சாயந்திரம் நன்றாக ஓடிய வண்டி இன்றைக்குக் காலையில் கிளம்பவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை முதல் இரண்டில் ஒன்றுதான். 1876-ல் நிக்கோலஸ் ஓட்டோ நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைச் செய்து முடித்ததிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தக் கேள்வி மாறவே இல்லை. மாறியதெல்லாம், அதைக் கேட்கும் உரிமையும் பதிலைத் தேடும் இடமும் யாரிடம் இருந்தன என்பதுதான். எனக்கு இந்தச் சரித்திரத்தில் ஆர்வம் வந்ததே அதனால்தான்.

முதலில் கரண்ட். ஆரம்பகால எஞ்சின்காரர்களுக்குப் பெட்ரோலைவிட பெரிய தலைவலி நெருப்புதான். சிலிண்டருக்குள் இருக்கும் கலவையைச் சரியான நொடியில் பற்றவைப்பது எப்படி? காட்லீப் டெய்ம்லரின் எஞ்சினில் ஒரு சின்னக் குழாய் சிலிண்டருக்குள் திறந்திருக்கும். அதை வெளியிலிருந்து ஒரு பர்னரால் செக்கச்செவேல் என்று காய்ச்ச வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன்னால் அடுப்பு மூட்ட வேண்டும் என்று அர்த்தம். காற்றடித்தால் அணையும், வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பென்ஸ் பேட்டரியும் அதிர்வுக் காயிலும் வைத்து மின்பொறி வழிக்குப் போனார். அன்றைய பேட்டரி கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும். 1902-ல் ராபர்ட் போஷின் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவைச் செய்த பிறகுதான் நிம்மதி வந்தது. மேக்னெட்டோவுக்கு பேட்டரியே வேண்டாம். எஞ்சின் சுற்றும்போது அதுவே கரண்டை உண்டாக்கிக்கொள்ளும்.

ஆனால் எஞ்சினை முதலில் சுற்றிவிடுவது யார்? மனிதன்தான். ஹேண்டிலைப் போட்டு.

1908 முதல் 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற ஃபோர்டின் மாடல் டி காரைக் கிளப்புவது ஒரு சின்னச் சடங்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள். இடது பக்கத்தில் இருப்பது பொறி எப்போது வர வேண்டும் என்பதற்கு. அதை மேலே தள்ளித் தாமதத்தில் வைக்க வேண்டும். வலது பக்கத்தில் இருப்பது பெட்ரோலுக்கு, அதைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். பிறகு இறங்கி முன்னால் போய், ரேடியேட்டர் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வளையத்தை இழுத்து சோக் கொடுத்துக்கொண்டே ஹேண்டிலை மெல்லச் சுற்றிப் பெட்ரோலை உள்ளே இழுக்க வேண்டும். அப்புறம் சாவி. அப்புறம் ஹேண்டிலை இடது கையால், கீழேயிருந்து மேலாக, ஒரே வெட்டு. கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. ஏன்? பொறி நெம்புகோலைத் தாமதத்தில் வைக்க மறந்திருந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் கலவை வெடித்து அதைத் திரும்பக் கீழே தள்ளும். ஹேண்டில் பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டு முறியும், சில சமயம் தாடை. மருத்துவர்கள் மணிக்கட்டுக்கு மேலே வரும் ஒருவகை முறிவை ஓட்டுநர் முறிவு என்றே அழைத்தார்கள், இன்றும் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.

இங்கேதான் டெட்ராய்ட்டின் பிரபலமான கதை வருகிறது. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் 1908-ல் இறந்துபோனார். வழியில் வண்டி நின்றுபோய்த் தவித்த ஒரு பெண்ணுக்கு உதவி செய்ய ஹேண்டிலைச் சுற்றினார், அது திருப்பி அடித்தது, அந்தக் காயம்தான் கடைசியில் அவர் உயிரை எடுத்தது, அந்த வருத்தத்தில் காடிலாக்கின் முதலாளி ஹென்றி லீலாண்ட் இனி என் காரில் ஹேண்டில் இருக்காது என்று சபதம் எடுத்தார் என்று சொல்வார்கள். சபதக் கதைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஆனால் லீலாண்ட் அந்த வேலையைச் சார்ல்ஸ் கெட்டரிங்கிடம் கொடுத்ததும், 1911-ல் அவர் செய்து காட்டியதும், 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் நடந்த விஷயங்கள்.

கெட்டரிங் அதற்கு முன்னால் டேட்டன் நகரத்தில் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் இருந்தவர். கடைக்காரர் கையால் பிடி சுற்றித் திறந்த கல்லாவுக்கு மோட்டார் வைத்தவர். எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வைக்க வேண்டுமானால் அதுவே எஞ்சின் அளவுக்கு இருக்கும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கான கணக்கு அது. கல்லாப்பெட்டி மோட்டார் ஒரு நொடி ஓடினால் போதும். ஒரு நொடிக்கு மட்டும் என்றால் சின்ன மோட்டாரின் தலையில் பெரிய பாரத்தை ஏற்றலாம், சூடேறி எரிவதற்குள் வேலை முடிந்துவிடும். எவ்வளவு எளிய யோசனை! இன்றைக்கும் எந்தக் காரின் கையேட்டிலும் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள், இடைவெளி விடுங்கள் என்று எழுதியிருப்பது இதனால்தான்.

அதே கெட்டரிங்தான் அதற்குக் கொஞ்சம் முன்னால் காயில், பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற இன்னொரு ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். 1970-கள் வரை உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அதில்தான் ஓடின. இந்த இரண்டு கண்டுபிடிப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மேக்னெட்டோ வண்டிக்கு பேட்டரி செத்தாலும் கவலையில்லை, கையில் பலம் இருந்தால் போதும். கெட்டரிங்கின் வண்டியில் கிளப்புவதற்கும் பேட்டரி, பொறிக்கும் பேட்டரி. அது அடியோடு செத்துக்கிடந்தால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் பெரும்பாலும் பிரயோஜனமில்லை. கைவலி போனது, கூடவே ஒரு சுதந்திரமும் போனது. காலையில் வண்டி கிளம்பவில்லை என்று சொல்கிற அலுவலகக் காரணங்களில் முக்கால்வாசி அன்றைக்குப் பிறந்ததுதான்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் பெண்களைக் காருக்குள் கொண்டுவந்தது என்று எல்லாப் புத்தகங்களிலும் ஒரு வரி இருக்கும். பாதி உண்மை. விளம்பரங்கள் அப்படித்தான் பேசின. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே, புருஷன் லட்சக்கணக்கில் பெட்ரோல் கார் விற்றுக்கொண்டிருக்கும்போது, ஹேண்டில் தொல்லையில்லாத மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். ஆனால் முதல் நீண்ட பயணத்தில் பெட்ரோல் குழாயையும் கரண்ட் கம்பியையும் சரிபண்ணிய கை யாருடையது என்பதை அந்த விளம்பரக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.

அதே 1912-ல் இங்கே டி.வி.சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூர்ப் பக்கம் பஸ் விட ஆரம்பித்திருந்தார். அமெரிக்காவில் ஹேண்டில் மெல்ல மெல்ல மறைந்தபோது நம் பக்கத்தில் அது இன்னும் அரை நூற்றாண்டு தங்கியது. காரணம் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. இங்கே ஹேண்டில் சுற்றுவது வண்டிக்காரர் வேலையாக இருந்ததே கிடையாது. முதலாளி பின்சீட்டில், டிரைவர் முன்சீட்டில், வெயிலிலும் மழையிலும் வண்டி முன்னால் குனிந்து நின்றவன் கிளீனர். பதினைந்து பதினாறு வயசுப் பையனாக இருப்பான், சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, இரண்டு வேளைச் சாப்பாடும் தொழிலும். மணிக்கட்டு அவனுடையதாக இருந்தவரைக்கும் ஸ்டார்ட்டருக்குக் காசு செலவழிக்க யாருக்கு அவசரம்? ஆனால் அந்தப் பையன்தான் எஞ்சினைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டான். ஹேண்டில் சுற்றும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பு எந்த சிலிண்டரில் குறைகிறது என்று டிரைவருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். நம் ஊர் பட்டறைகளின் முதல் தலைமுறை ஆசான்களில் நிறைய பேர் இப்படி ஹேண்டில் பிடித்து வந்தவர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அவன் வேலை இன்னும் கூடியது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயர இரும்பு உலை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைப் போட்டு, அரைகுறைக் காற்றில் எரியவிட்டு, அதிலிருந்து வரும் கரிவாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். டிவிஎஸ் நிறுவனம் இந்த உலையைத் தானே வடிவமைத்து விற்றது. இந்த வண்டியைக் கிளப்புவது சாவியோ ஹேண்டிலோ சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, சமையல் மாதிரி. கிளீனர் முன்கூட்டியே வந்து அடுப்பு மூட்டி, ஊதுகருவியின் பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனல வைக்க வேண்டும். வாயு தேறிவிட்டதா என்று ஒரு குழாய் முனையில் தீக்குச்சி காட்டிப் பார்க்க வேண்டும். சரியான நீல ஜுவாலை நின்று எரிந்தால்தான் எஞ்சினுக்குத் திறந்துவிடலாம். அந்த வாயுவில் எரியும் பகுதி பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு, மூடிய ஷெட்டில் வேலை பார்த்தால் ஆளை மயக்கிச் சாய்க்கும். எஞ்சினின் பலமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், மேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். நம் தாத்தா தலைமுறையில் கரி பஸ் கதை இல்லாத குடும்பம் குறைவு. கேட்டுப் பாருங்கள், பஸ் ஓடிய கதையைவிட நின்ற கதைதான் அதிகம் இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவைதான் நாம் பழைய வண்டி என்று நினைக்கிற வண்டிகள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசடர், ஃபியட் 1100 வழிவந்த பத்மினி, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை வந்தது. பிரிட்டிஷ் லூகாஸின் ஸ்டார்ட்டரும் டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் தமிழ்க் கைகளில் செய்யப்பட்டன. பிரிட்டனில் லூகாஸ் மின்கருவிகளைப் பற்றி நிறைய கேலி உண்டு, இருளின் இளவரசன் என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். கேலி இருக்கட்டும். அந்தக் கருவிகளின் பெரிய குணம், கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படி என்று சொல்கிறேன். வண்டி கிளம்பவில்லையா, முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள். போட்டுக்கொண்டே செல்ஃப் அழுத்துங்கள். விளக்கு மங்கிச் சாகிறது என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிவிட்டாலே பல வண்டிகள் எழுந்துவிடும். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் ஸ்டார்ட்டருக்கே கரண்ட் போகவில்லை. சுவிட்சைப் பாருங்கள், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் இருக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள், முக்கியமாக அந்தப் பட்டையை. மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் பல்சக்கரம் அழுக்கேறி அதன் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாறாக, டக்கென்று ஒரு சத்தத்தோடு எல்லாம் உறைந்துபோனால் அந்தப் பல் எஞ்சின் பல்லில் மாட்டிக்கொண்டது. சாவியை அணைத்துவிட்டு கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போதுதான் அந்தப் பழைய கேள்வி. பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை. அல்லது சோக்கை இழுத்து இழுத்து நீங்களே மூழ்கடித்துவிட்டீர்கள், கால்மணி நேரம் சும்மா விட வேண்டும். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. கரண்ட் பக்கம் என்றால், கழற்றிய பிளக்கை அதன் ஒயரிலேயே மாட்டி எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்து, பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி படபடவென்று வந்தால் சரி. மஞ்சளாக, சோம்பேறித்தனமாக வந்தால் அல்லது வராமலே இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டியதுதான். மழைநாளில் மூடிக்குள் ஈரம் பூத்திருக்கும், துணியால் துடைத்தால் போதும். பாயிண்ட் இரண்டும் கருகியிருந்தால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து நடுவில் வைத்துத் தேய்ப்பார்கள். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.4. சுத்தம் செய்தும் சீக்கிரமே மறுபடி கருகினால் குற்றவாளி பாயிண்ட் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கண்டென்சர்.

பெட்ரோல் பக்கம் என்றால் டாங்கிலிருந்து தொடங்கி வரிசையாக முன்னால் வர வேண்டும். மோரிஸ் மைனரில் எஸ்.யு. மின் பம்ப் இருக்கும். சாவியைத் திருப்பியதும் டக் டக் டக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே வரவில்லை என்றால் ஸ்பானரின் பின்பக்கத்தால் அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டு. அதன் உள்ளே ஒட்டிக்கொண்ட பாயிண்ட் விடுபட்டு ஓட ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் மலையேறும் அம்பாசடருக்கு வேறு வியாதி: சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போகும். அதற்கு ஈரத்துணி வைத்தியம். பம்பைச் சுற்றி நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு ஏறிய டாக்ஸிகளைக் கொடைக்கானல் சாலையில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீசல் அம்பாசடர் வந்தபிறகு பாதிக் கேள்வி காணாமலே போனது. டீசலுக்குப் பொறி கிடையாது, அங்கே ஏர் லாக்தான் பெரிய எதிரி.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் கண், மூக்கு, விரல், ஒரு ஸ்பானர் போதும். அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது, சாவிக்குள் சிப் வந்தது. புகை குறைந்தது, பெட்ரோல் மிச்சமானது, குளிரிலும் மழையிலும் ஒரே திருகில் கிளம்புகிறது. இதையெல்லாம் குறைசொல்ல நான் வரவில்லை, கார்புரேட்டர் காலத்துச் சென்னைக் காற்றைச் சுவாசித்தவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கோளாறு எண்ணைப் படிக்க ஒரே மாதிரியான துளை இருக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டிவந்தது. 2012-ல் மாசசூசெட்ஸில், கம்பெனிக்காரர்கள் தங்கள் டீலருக்குக் கொடுக்கும் தகவலை வெளிப் பட்டறைக்கும் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று கேட்கவே சட்டம் தேவைப்படும் காலம் வந்துவிட்டது.

வண்டிகள் இப்படி மூடிக்கொண்டுவந்த அதே 90-களில், பழைய திறந்த வண்டிகளை வைத்தே ஒரு தமிழ் ஊர் பிழைத்தது.

இலங்கையில் 1960-களிலிருந்தே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அதனால் 1940-களிலும் 50-களிலும் வந்த ஆஸ்டின் ஏ-40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர் எல்லாம் ஓய்வுபெறாமலே ஓடிக்கொண்டிருந்தன. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று நீண்ட பட்டியல். மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளவாக, விலை ஏறி வந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் வந்த அந்த மண்ணெண்ணெயில்தான் யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஐந்து வருஷத்துக்கும் மேலே ஓடின.

பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஏன் ஓடுகிறது, ஏன் கிளம்ப மட்டும் மறுக்கிறது? பெட்ரோல் உறைபனிக் குளிரிலேயே பற்றும் அளவுக்கு ஆவி கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேலே சூடு வேண்டும். யாழ்ப்பாண வெயில் 30-ஐத் தாண்டும், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு எட்டாது. அதாவது குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் துளிகளாக ஈரமாகவே போய்ப் பிளக்கை நனைத்துவிடும். எஞ்சின் ஒருதடவை சூடேறிவிட்டால் அந்தச் சூட்டிலேயே ஆவியாகி எரியும். ஆகவே தேவைப்படுவது கிளம்புவதற்கான பெட்ரோல் மட்டும், சில துளி. எங்கிருந்தோ கடத்திவந்து தங்கம் மாதிரி விற்ற பெட்ரோலைச் சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் விட்டு, ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடித்துச் சூடேற்றி, அந்தப் பெட்ரோல் தீர்வதற்குள் மண்ணெண்ணெய்க்கு மாறிவிட வேண்டும். மாறும் நொடி தப்பினால் எஞ்சின் இருமி அணையும். மறுபடி முதலிலிருந்து, மறுபடி சில துளி. ராத்திரி ஒரு வீட்டில் பிரசவ வலி எடுத்தால், ஆஸ்பத்திரி வரைக்கும் போகிற கார் கிடைப்பது அந்தச் சில துளிகள் யாரிடம் இருக்கின்றன என்பதைப் பொறுத்திருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பதும் உண்மை. 1940-களில் இங்கிலாந்தில் ஃபோர்ட்சன், ஃபெர்குசன் டிராக்டர்கள் இதே முறையில்தான் ஓடின. விலை மலிவான டிராக்டர் எண்ணெய்க்கு ஒரு பெரிய டாங்க், பெட்ரோலுக்கு ஒரு குட்டி டாங்க். பெட்ரோலில் கிளப்பிச் சூடேற்றி மாற்றுவார்கள். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றி, அடுத்த தடவைக்காகக் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைப்பார்கள். ஆனால் அவை அதற்கென்றே செய்த எஞ்சின்கள், புகைக்குழாய்ச் சூட்டில் எண்ணெயைக் காய்ச்சும் அமைப்போடு வந்தவை. ஏ-40 அப்படிச் செய்தது இல்லை. ஆனாலும் அது ஓடியதற்குக் காரணம் அதன் வயசுதான். அதன் கம்ப்ரஷன் ஏறக்குறைய 7-க்கு 1. போரின்போதும் பின்பும் கிடைத்த மட்டமான பெட்ரோலில் ஓடுவதற்காகப் பிரிட்டிஷ் எஞ்சினியர்கள் குறைத்து வைத்த அளவு அது. அந்தக் குறைவினால்தான் மண்ணெண்ணெயைத் தாங்கியது. 9-க்கு மேலே அழுத்தும் பிற்கால ஜப்பான் எஞ்சினில் அதை ஊற்றினால் கடகடவென்று தட்டியே பிஸ்டனைத் தின்றுவிடும். ஊரில் நல்ல கார் என்றால் பழைய கார் என்று ஆனது அப்படித்தான். கம்ப்யூட்டரும் சிப்பும் இருந்த ஒரு வண்டி அங்கே ஒரு வாரம் தாங்கியிருக்காது.

1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி வெளியேறியபோது பெரும்பாலானவர்கள் நடந்தும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும்தான் போனார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஊர்ந்த சில டிராக்டர்களும் கார்களும் இருந்தன. அணைந்தால் மறுபடி கிளப்ப முடியாது என்பதால் எஞ்சினை அணைக்காமல் ஓட்டுவதற்கும், அணையாமல் வைத்திருந்தால் மண்ணெண்ணெய் தீரும் என்பதற்கும் நடுவில் அந்த ஓட்டுநர்கள் என்ன கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 2002-ல் ஏ-9 பாதை திறந்து பெட்ரோல் தாராளமாக வந்தது. அதன் பின்னால் ஜப்பான் வண்டிகளும் வந்தன. அதற்குள் அந்தக் கார்கள் எஞ்சின் பிரிக்கப்பட்டு, சேர்க்கப்பட்டு, மறுபடி பிரிக்கப்பட்டிருந்தன.

ஏனென்றால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் தண்ணீர் மாதிரி இளகி, தேய வேண்டிய இடமெல்லாம் தேய்ந்துபோகும். சாதாரணமாக வண்டி ஓட ஓட ஆயில் மட்டம் குறையும், அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்து ஊற்றுவோம். மண்ணெண்ணெயில் ஓடிய காரில் குச்சியை எடுத்தால் மட்டம் போன வாரத்தைவிட ஏறியிருக்கும். அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை. குச்சியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்கள், அப்புறம் ஆயிலை மாற்றலாமா, இன்னும் ஒரு வாரம் ஓட்டலாமா என்று யோசிப்பார்கள்.